கதவுக்கு அடியில் ஆறு ஓட்டை

போர்ட் பிளேயரில் கடலைப் பார்த்து வீடு கட்டுகிறவர்களுக்குக் கடல் வெறும் காட்சியை மட்டும் கொடுப்பதில்லை. உப்பையும் சேர்த்தே கொடுக்கும். காலையில் பளிச்சென்று துடைத்த கண்ணாடியில் சாயங்காலம் விரலால் ஒரு கோடு இழுத்து நாக்கில் வைத்தால் கரிக்கும். பித்தளைக் கொண்டி பச்சை பூத்துவிடும். இரும்புத் திருகாணியை ஒரே மழைக்காலம் தின்று தீர்த்துவிடும். இதெல்லாம் குழந்தைவேலுவுக்குத் தெரியாததில்லை. சுனாமிக்குப் பிறகு தீவில் கட்டட வேலை குவிந்து கிடந்த சமயத்தில் சாத்தூரிலிருந்து வந்து, ஊருக்கெல்லாம் குவார்ட்டர்ஸ் கட்டிக்கொடுத்த காண்ட்ராக்டர் அவர். தெரிந்தேதான் ஷாதிபூர் மேட்டில், கீழே ஃபீனிக்ஸ் பே ஜெட்டியும் அதில் நிற்கிற கப்பலும் தெரிகிற மாதிரி, தன் வீட்டு ஹாலின் ஒரு பக்கத்துச் சுவரையே இந்த வருஷம் இடித்துவிட்டு மூன்று பலகைக் கண்ணாடிக் கதவு போட்டார். தள்ளினால் வழுக்கிக்கொண்டு ஓடும். துடைக்கப்போகிறவர் அவர் இல்லையே, அவருக்கென்ன.

துடைத்தவள் புஷ்பா.

நாற்பது வயது. இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து மூன்று வயதில் தாயின் இடுப்பில் உட்கார்ந்தபடி கப்பலேறி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இறக்கிவிடப்பட்டவள். அங்கேயே பால் வெட்டி வளர்ந்தாள், பால் வெட்டுகிற தம்பையாவையே கட்டிக்கொண்டாள். சுனாமிக்குப் பிறகு தோட்டம் படுத்துவிட்டது. ஐந்து வருஷம் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். வெயிலில் தகரம் காய்ந்து உள்ளே இருப்பவர்களை வேகவைக்கும். மழையில் தகரம் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவது காதில் விழாது. பிறகு தம்பையாவுக்கு ஃபீனிக்ஸ் பேயில் சரக்கு இறக்குகிற வேலை கிடைத்தது. அப்படியே இந்த வீட்டின் பின்பக்கத்து அறையும் கிடைத்தது. வாடகை இல்லை. வீட்டைப் பெருக்கித் துடைத்து, கண்ணாடிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே தகரம் இல்லை, காங்கிரீட். மகள் தமிழரசி பிளஸ் ஒன் படிக்க ஜன்னலோரம் ஒரு மேசை. மழை பெய்யும்போதும் அவள் வாய்விட்டுப் படிப்பது புஷ்பாவுக்குக் கேட்கும். இதைவிடப் பெரிய சொத்து அவளுக்கு இருந்ததில்லை.

கண்ணாடி துடைப்பதில் அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. கோடையில் குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும். அதனால் மூன்று பெரிய பலகைக்கும் இரண்டே வாளி. முதல் வாளியை மக்கில் மொண்டு மேலிருந்து மெதுவாக வழியவிடுவாள். உப்பை நனையவிடாமல் துடைத்தால் அது கண்ணாடியைக் கீறிவிடும். உப்பு கரைந்து இறங்கியபின் பழைய பனியனால் ஒரு துடைப்பு. இரண்டாவது வாளியில் கொஞ்சம் வினிகர் விட்டு இன்னொரு துடைப்பு. கடைசியாகச் செய்தித்தாளைக் கசக்கி ஒரு தேய்ப்பு. மெயின்லேண்டிலிருந்து ஒருநாள் பிந்தி வருகிற தமிழ்ப் பேப்பர்தான் இதற்குச் சரி என்பது அவள் கட்சி. "அந்த வழவழா பேப்பரு தண்ணியக் குடிக்காதும்மா. தமிழ்ப் பேப்பருதான் நல்லாக் குடிக்கும்" என்பாள். விசாலாட்சி அம்மாள் அதற்காகவே படித்த பேப்பரைக் கட்டிவைத்து எடுத்துக் கொடுப்பாள்.

விசாலாட்சி குழந்தைவேலுவின் மனைவி. வீட்டு வாசல்வரை அவர் முதலாளி. வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் அவரும் இவளிடம் கேட்டுத்தான் உட்கார வேண்டும்.

கதவை மாட்டியவன் உதயசூரியன். மாயாபந்தர்க்காரன், முப்பத்தைந்து வயது, சென்னையில் அலுமினிய வேலை கற்றுக்கொண்டு திரும்பி வந்தவன். தனியாக எடுத்துச் செய்த முதல் பெரிய வேலை இதுதான். இது நன்றாக அமைந்தால், தான் கட்டுகிற முப்பத்திரண்டு குவார்ட்டர்ஸின் ஜன்னல் வேலையையும் தருவதாகக் குழந்தைவேலு சொல்லியிருந்தார். அதனால் மாட்டிவிட்டுப் போகாமல், பிப்ரவரியில் ஒருநாள் உட்கார்ந்து புஷ்பாவுக்குப் பாடமே நடத்தினான்.

"அக்கா, மொதல்ல தண்ணிய ஊத்திராதீங்க. காஞ்ச பிரஷ்ஷால, கதவு ஓடுற தடத்துல இருக்க மண்ணைத் தள்ளி எடுத்துருங்க. அப்புறமா ஈரத்துணி. மொதல்லயே ஈரம் பட்டா மண்ணு சேறாகி ரோலர்ல ஏறிக்கும்."

"இறுகிக்கிட்டா எண்ணெய் போடலாமா தம்பி?"

"அரே, எண்ணெய் கின்னெய்னு கிட்டயே வராதீங்க. தேங்காயெண்ண போட்டா ஒரு வாரம் ஜம்முனு ஓடும். எட்டாம் நாள் ஊர் மண்ணெல்லாம் ஒட்டிக்கிட்டு நகரமாட்டேன்னு உக்காந்துரும். மெழுகுவத்தியத் தேச்சு விடுங்க. பஸ், அவ்வளவுதான்."

புஷ்பா குனிந்து தடத்தைப் பார்த்தாள். அதன் வெளி விளிம்பில், விரல் நுனி நுழைகிற அளவில், வரிசையாகத் துளைகள்.

"இது என்னா ஓட்டை?"

"தண்ணி போற ஓட்டை. மழை கண்ணாடியில அடிச்சு வழிஞ்சு தடத்துல விழும்ல, அது இது வழியா வெளிய போயிரும். மொத்தம் ஆறு. வெளிப்பக்கம் பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கேன், பூச்சி பொட்டு வராது."

"தண்ணி வெளியதான் போகுமா?"

"பின்ன உள்ளயா வரும்?" என்று சிரித்தான் உதயசூரியன்.

புஷ்பா சிரிக்கவில்லை. போகிற வழி என்று ஒன்று இருந்தால் வருகிற வழியும் அதுதான் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அப்போது ஒன்றும் செய்யவில்லை. ஏப்ரலில்தான் செய்தாள்.

ஏப்ரலில் ஒருநாள் மத்தியானம் பூமி ஆடியது. அலமாரிப் பாத்திரமெல்லாம் கலகலத்தது. சுனாமி வரும் என்று எச்சரிக்கை வந்து, கீழேயிருந்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறி ஓடிவந்தார்கள். பெங்காலி, தெலுங்கு, மலையாளம், எல்லாப் பாஷையிலும் அழுகை. வந்தவர்களுக்கெல்லாம் விசாலாட்சி டீ போட்டுக் கொடுக்கச் சொன்னாள். புஷ்பா டீயைக் கொடுத்துக்கொண்டே கீழே ஜெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம், ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். கடல் ஒரு முழம்கூட ஏறவில்லை.

மறுநாள் காலை வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, புஷ்பா தன் பெட்டியைத் திறந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்தாள். மரத்தில் பால் வெட்டிய கீற்றில் காய்ந்து ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலை உரித்து உரித்துச் சுற்றிய பந்து. தமிழரசி சின்னப் பிள்ளையாக இருந்தபோது விளையாடச் செய்தது. கத்தியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அதிலிருந்து ஆறு துண்டு நறுக்கினாள். நனைக்காத கத்தி ரப்பரில் இறங்காது. ஒவ்வொரு துண்டையும் உருட்டி, தடத்தின் உட்பக்கமிருந்து ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்து, திருப்புளியின் பின்பக்கத்தால் குத்திக் குத்தி இறக்கினாள். ரப்பரில் வளர்ந்த கை, அடைப்பு அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்தது.

ஊரே தப்பிக்க ஓடிவந்து நின்ற மேடு அது. அந்த மேட்டு உச்சியில் நின்றுகொண்டு விரல் நுனி ஓட்டையை அடைக்கிறாளே என்று யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மே கடைசியில் மழை பிடித்தது. அந்தமானில் மழைக்கு முன்னோட்டமெல்லாம் கிடையாது. கடலில் ஒரு கறுப்பு தெரியும், அடுத்த கால்மணி நேரத்தில் அது வீட்டுக்கூரைமேல் நிற்கும். தென்மேற்குக் காற்று கண்ணாடிக் கதவில் மழையை அறைந்து அறைந்து ஊற்றியது. வழிந்த தண்ணீர் தடத்தில் விழுந்தது. போக வழியில்லாமல் நிறைந்தது. நிறைந்ததும் உள்பக்க விளிம்பைத் தாண்டி ஹாலுக்குள் இறங்கியது.

விசாலாட்சியின் சத்தம் பின்பக்க அறைவரை கேட்டது. புஷ்பா ஓடிவந்து பார்த்தபோது புதுச் சோபாவின் கால்கள் தண்ணீரில் நின்றன. ஓரமாக அடுக்கி வைத்திருந்த பட்டுச்சேலைப் பெட்டிகளில் அடியில் இருந்த இரண்டு ஊறிப்போயிருந்தன. மூத்த மகள் விஜயலட்சுமிக்கு இன்னும் பன்னிரண்டு நாளில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் மதுரையிலிருந்து விமானத்தில் வருகிறார்கள். கடல் தெரிகிற இந்த ஹாலில்தான் தட்டு மாற்றுவது என்று ஏற்பாடு.

"எங்கிட்டிருந்துடி வருது இவ்வளவு தண்ணி? கதவு மூடித்தான இருக்கு!" என்று விசாலாட்சி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள்.

எங்கிருந்து வருகிறது என்று புஷ்பாவுக்குத் தெரியும். "பெட்டியத் தூக்குங்கம்மா மொதல்ல" என்று மட்டும் சொன்னாள். பழைய சேலைகளைச் சுருட்டிக் கதவோரம் போட்டு, பிழிந்து பிழிந்து வாளியில் விட்டாள். மழை நிற்கிறவரை பதினேழு வாளி.

குழந்தைவேலு வந்து பார்த்துவிட்டு உட்காரக்கூட இல்லை. நின்றபடியே போனைப் போட்டார்.

"டேய் உதயா! கதவா மாட்டிருக்க, கம்மாய் மடையா மாட்டிருக்க? என் வீட்டுக்குள்ள மீன் வளக்கலாம்டா! நாளைக்குக் காலையில இங்க நிக்கணும். குவார்ட்டர்ஸ் வேலையா? அதப் பத்தி வாயத் தெறந்த, அப்புறம் மனுசனா இருக்க மாட்டேன்."

புஷ்பா சேலையைப் பிழிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் தம்பையா சாப்பிட வந்தபோது சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சூரை மீன் குழம்பு தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. தம்பையா பிசைந்த கையோடு அவளையே பார்த்தார்.

"ஒனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு? இம்புட்டு ஒசரத்துக்குக் கடலு ஏறி வந்துச்சுன்னா, அந்த ஓட்டை வழியாத்தான் வருவேன்னு நிக்குமா? கண்ணாடிய ஒடச்சுக்கிட்டு வராது?"

"எனக்கும் வெளங்குதுங்க. கை கேக்கல."

"சரி. செஞ்சது செஞ்சாச்சு. வாயத் தெறக்காத."

"அந்தத் தம்பியப் போட்டு ஏசுறாருங்க. குவார்ட்டர்ஸ் வேலை இல்லேங்கிறாரு."

"அவன் கையில தொழிலு இருக்கு. இங்க இல்லாட்டி ஹட்பே, ரங்கத்னு போய்ப் பொழச்சுக்குவான். நம்ம கையில என்னா இருக்கு? ஜெட்டியில கப்பலு வந்தாத்தான் எனக்குக் காம், கூலி எல்லாம். இந்த ரூமு போச்சுன்னா இந்த ஊர்ல வாடகை குடுத்து இருக்க ஏலுமா? திரும்பக் கச்சாலுக்குத்தான் கப்பலேறணும். புள்ளைக்குப் பிளஸ் ஒன்னு அந்த மட்டோட நின்னுரும். இதெல்லாம் யோசி."

"யோசிச்சுக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

"யோசிச்சா வாயி தானா மூடிக்கும். சோத்தப் போடு."

அவர் சொல்வதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் புஷ்பாவுக்கு ஆத்திரமாக இருந்தது. சாயங்காலம் விசாலாட்சி படுத்திருந்த நேரத்தில், தடத்தருகே மண்டியிட்டுக் கொண்டை ஊசியை வளைத்து அடைப்பைக் கிளப்பப் பார்த்தாள். சத்தமில்லாமல் ஆறையும் எடுத்துவிட்டால் காரியம் முடிந்தது. ஆனால் கோடை வெக்கையில் ரப்பர் இளகி அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டு, மேலே மண் படிந்து கறுத்து, தடத்தோடு தடமாகப் போயிருந்தது. ஊசிதான் உடைந்தது. தான் செய்த வேலை இவ்வளவு நன்றாக அமைந்ததற்காக ஒரு மனுஷி வருத்தப்படுவது அபூர்வம். அன்றைக்கு அவள் வருத்தப்பட்டாள்.

மறுநாள் காலை உதயசூரியன் ஸ்கூட்டரில் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தான். ரெயின்கோட்டைக் கழற்றக்கூட விடாமல் குழந்தைவேலு பிடித்துக்கொண்டார்.

"வா ராசா. இந்தக் கதவை எடுத்துட்டுச் செங்கல்லு வச்சு அடைக்கப்போறேன். நடுவுல ஒரு ஜன்னல். மேஸ்திரிக்குச் சொல்லியாச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க செவுத்தப் பாத்துக்கிட்டே தட்டு மாத்தட்டும்."

"முதலாளி, ஒரு பத்து நிமிஷம் குடுங்க. பாத்துட்டுச் சொல்றேன். ஆறு ஓட்டை போட்டிருக்கேன். தண்ணி உள்ள வர சான்ஸே இல்ல."

"சான்ஸு இல்லாமத்தான் பதினேழு வாளி எடுத்தாளா இவ?"

உதயசூரியன் ஒரு மக் தண்ணீர் வாங்கித் தடத்தில் ஊற்றினான். தண்ணீர் அசையாமல் நின்றது. வெளியே போய் மூடிகளைப் பார்த்தான். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. உள்ளே வந்து ஒரு கம்பியை வளைத்து விட்டுக் குடைந்தான். உள்ளங்கையில் ஒரு கறுப்புத் துணுக்கு வந்து விழுந்தது. விரலால் நசுக்கினான், அது நசுங்கி மறுபடி எழுந்தது.

"அடைச்சிருக்கு முதலாளி. ஓட்டைய யாரோ அடைச்சிருக்காங்க."

"யாருடா அடைப்பா? ஒன் ஆளுங்கதான் பசை வச்சுப் பூசும்போது சேத்துப் பூசிருப்பாங்க. பாக்காம விட்டுட்டு, இப்ப வந்து யாரோ அடைச்சிருக்காங்கன்னு கதை சொல்றியா?"

உதயசூரியன் அந்தத் துணுக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் இருந்த தைரியம் முகத்திலிருந்து இறங்கிப்போவது புஷ்பாவுக்குத் தெரிந்தது.

"இருக்கலாம் முதலாளி," என்றான் மெதுவாக. "கடைசி ரெண்டு நாள் நான் இல்ல. ஒடம்பு சரியில்லன்னு வீட்டுல இருந்தேன். பரேஷ்னு ஒரு பெங்காலிதான் ஃபினிஷிங் பண்ணான். நல்ல ஆளு, மூணு வருஷமா இருக்கான். ஆனா அவனத் தவிர இந்தத் தடத்துல யாரும் கை வைக்கல. நான் அவன் கணக்க முடிச்சு அனுப்பிர்றேன். முதலாளி கதவ மட்டும் எடுக்க வேணாம். கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கிறேன்."

இப்போது பழி சுமக்கிறவர் மூன்று பேராகிவிட்டது. முதலில் கதவு, பிறகு உதயசூரியன், இப்போது முகம்கூடத் தெரியாத ஒரு பரேஷ். அந்த மனிதனுக்கும் எங்கேயாவது ஒரு அறை இருக்கும், மேசை போட்டுப் படிக்கிற பிள்ளை இருக்கும். துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்ற புஷ்பாவுக்குத் தம்பையா சொன்னதெல்லாம் ஞாபகத்தில்தான் இருந்தது. ஞாபகம் இருக்கும்போதே வாய் திறந்துகொண்டது.

"தம்பி, அந்த ஆள அனுப்பாதீங்க. அடைச்சது நானு."

உதயசூரியன் கம்பியைக் கீழே வைத்தான்.

"ரப்பரு. எங்க தோட்டத்து ரப்பரு. ஏப்ரல்ல பூமி ஆடுச்சுல்ல, அதுக்கு மறுநா வச்சு அடைச்சேன். இவரு மேல குத்தமில்ல முதலாளி. எனக்கு வெளங்கச் சொல்லிட்டுத்தான் போனாரு, தண்ணி போற ஓட்டைன்னு. தெரிஞ்சேதான் அடைச்சேன்."

குழந்தைவேலு இரண்டடி அவள் பக்கம் வந்தார்.

"தெரிஞ்சே அடைச்சியா? ஏம்மா, நேத்துப் பூரா நான் இவனத் திட்டும்போது பக்கத்துலதான நின்ன? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"பயமா இருந்துச்சு முதலாளி."

"ஒரு வேலைக்காரி ஒன் இஷ்டத்துக்கு வீட்டுல ஓட்டைய அடைப்ப, தெறப்ப, நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? விசேஷம் முடியிற வரைக்கும் இரு. அடுத்த மாசக் கடைசிக்குள்ள ரூமைக் காலி பண்ணிரு." உதயசூரியன் பக்கம் திரும்பினார். குரல் இறங்கவில்லை, ஆனால் திசை மாறியிருந்தது. "நீ இதச் சரி பண்ணிட்டு சைட்டுக்கு வா. குவார்ட்டர்ஸ் அளவெடுக்கணும்."

அவர் ஜீப் கிளம்பிப் போனது. உதயசூரியன் குனிந்து கொக்கிக் கம்பியால் ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தான். புஷ்பாவும் தடத்தருகே உட்கார்ந்து, வெளியே வருகிற துண்டுகளை வாங்கித் துணியில் போட்டாள்.

"அக்கா, சொல்லாம இருந்திருக்கலாமே. எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றான் அவன் தாழ்ந்த குரலில்.

"அதான் தம்பி சொன்னேன்."

விசாலாட்சி சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து புஷ்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்துக்குடி அடைச்ச?" என்றாள் கடைசியில். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சுனாமிக்கு இரண்டு வருஷம் கழித்துத் தீவுக்கு வந்தவள் அவள்.

புஷ்பா துணியில் கிடந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு ஒரு தங்கச்சிம்மா. ஜெயமணின்னு பேரு. எங்க லயத்து வீடு மேட்டுல. அவ வீடு கீழ, ஜெட்டி ஓரம். சுனாமி அன்னைக்கு நான் அவ வீட்டுலதான் இருந்தேன். விடியக்காலம் பூமி ஆடுச்சு. வெளிய ஓடிப்போய் நின்னோம். ஆட்டம் நின்னதும் உள்ள வந்துட்டோம். பானையெல்லாம் கவுந்து கெடக்கு, எடுத்து வைக்கணும்ல. அவ அடுப்படியில நிக்கிறா. பாத்திரம் கழுவுற மூலையில ஒரு ஓட்டை, தண்ணி வெளிய போறதுக்கு. அதுல இருந்து தண்ணி மேல வருது. கொப்புளிச்சுக்கிட்டு வருது. வாசல்ல ஒரு சொட்டு இல்லம்மா. மொதத் தண்ணி அந்த ஓட்டை வழியாத்தான் வந்துச்சு."

"ம்" என்றாள் விசாலாட்சி.

"அவ சிரிக்கிறா. 'அக்கா, இங்க பாரு, ஊத்து கெளம்பிருச்சு நம்ம வீட்டுல, இனி கெணத்துக்குப் போக வேணாம்'ங்கிறா. சாக்கச் சுருட்டி ஓட்டையில திணிச்சு, மேல கால வச்சு மிதிச்சுக்கிட்டா. 'நான் அமுக்கிக்கிறேன், எங்க இருந்து வருதுன்னு நீ போய்ப் பாரு'ன்னா. நான் பாக்கத்தான் வெளிய வந்தேன். கடலு இருக்க வேண்டிய எடத்துல இல்ல, ஜெட்டிக்கு மேல ஏறி நிக்குது. மேட்டப் பாத்து ஓடு ஓடுன்னு யாரோ கத்துறாங்க. நானும் கத்துனேன், ஜெயமணீன்னு கத்துனேன். அவ கால எடுக்கலம்மா. கால எடுத்தா வீட்டுக்குள்ள தண்ணி வந்துரும்னு நின்னுருக்கா."

அவள் அழவில்லை. எட்டு வருஷத்தில் அழுது முடித்திருந்தாள். விசாலாட்சிதான் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். உதயசூரியன் குனிந்த தலையை நிமிராமல் ஆறாவது துண்டைப் பிடுங்கினான். தடத்தில் நின்ற தண்ணீர் ஒருதடவை அசைந்து, சின்னச் சத்தத்தோடு வெளியே போயிற்று.

தம்பையாவிடம் சொன்னபோது அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூடத் தேவலை. "கப்பலு எப்பன்னு கேட்டுட்டு வர்றேன்" என்றார். தமிழரசி புத்தகங்களைத் தானாகவே அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். விசேஷம் முடிந்துதான் போகவேண்டும் என்று சொல்லியும் கேட்கவில்லை. பெட்டி நிறைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு புஷ்பா அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள்.

விடிய விடிய மழை. காலையில் புஷ்பா ஹாலுக்குப் போனாள். கண்ணாடியில் தண்ணீர் திரை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது, உள்ளே தரை பொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. குனிந்து பார்த்தாள். ஆறு ஓட்டையும் குடித்துக்கொண்டே இருந்தன. அப்போது சமையல்கட்டிலிருந்து விசாலாட்சி கூப்பிட்டாள்.

"ஏ புஷ்பா, இங்கிட்டு வா."

சமையல்கட்டுத் தரையில் கணுக்கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர். காய்கறிக் கூடையும் அரிசி டின்னும் மேடைமேல் ஏறியிருந்தன. பாத்திரம் கழுவுகிற மூலையில், தரையோடு தரையாக இருக்கிற தண்ணீர்ப் போக்கியின் மேல் ஒரு துணி மூட்டை. மூட்டையின் மேல் அம்மிக்குழவி. குழவியின் மேல் விசாலாட்சியின் வலது கால்.

"ராத்திரி பூரா அந்த ஓட்டை கடகட கடகடன்னு என்னமோ பேசிக்கிட்டே இருந்துச்சுடி," என்றாள் அவள். இரண்டு கண்ணும் சிவந்திருந்தன. "அவரு நல்லாக் குறட்டை விடுறாரு. எனக்குப் பொட்டுத் தூக்கமில்ல. விடியக்காலம் எந்திரிச்சு வந்து இதத் தூக்கி வச்சேன். குழாய்ல தண்ணி வந்துருச்சு, தெறந்து விட்டேன். இப்ப இங்கிட்டும் போகமாட்டேங்குது, அங்கிட்டும் போகமாட்டேங்குது. கால எடுக்கவும் பயமா இருக்கு."

ஜெயமணி நின்ற நிற்பு அதேதான். இடுப்பில் கை, வலது கால் முன்னால். புஷ்பா தண்ணீரில் சளப் சளப்பென்று நடந்துபோய் விசாலாட்சியின் கையைப் பிடித்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தொட்டாள்.

"கால எடுங்கம்மா."

"வந்துருமேடி."

"வராது. மழைத் தண்ணி குழாய்ல எறங்குற சத்தம் அது. கால எடுங்க."

"நீயே அடைச்சவதான?"

"அடைச்சவ போயிட்டாம்மா. விட்டுட்டு வெளிய போனவ நான் இருக்கேன். எடுங்க."

விசாலாட்சி காலை எடுத்தாள். புஷ்பா குனிந்து குழவியைப் புரட்டித் தள்ளி, துணி மூட்டையை இழுத்தாள். தண்ணீர் ஒருதடவை தயங்கிவிட்டுச் சுழித்துக்கொண்டு இறங்கியது. இருவரும் கையை விடாமல் அது முழுதும் போகிறவரை நின்று பார்த்தார்கள். கடைசியில் ஓட்டை ஒரு ஏப்பம் விட்டது. விசாலாட்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும் வந்தது.

"அவரு சொன்னாச் சொல்லிட்டுப் போறாரு," என்றாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நான் பேசிக்கிறேன். அந்தச் சத்தத்த வச்சுக்கிட்டு நான் ஒத்தையில இங்க இருக்க மாட்டேன். ஒம்மக என்னமோ பெட்டியில அடுக்குறாளாமே, எடுத்து மேசையில வைக்கச் சொல்லு."

"சரிங்கம்மா" என்றாள் புஷ்பா. அரிசி டின்னை இறக்கி வைத்தாள். தரையை ஒருதடவை வழித்துத் துடைத்தாள். அம்மிக்குழவியைக் கழுவி அதன் இடத்தில் வைத்தாள். பிறகு காய்ந்த பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். மழைக்காலத்தில் தடத்தில் மண் சீக்கிரம் சேரும், ஓட்டைகளை நாளுக்கு ஒருதடவையாவது பார்க்க வேண்டும்.